பிரசவ அறையில் பக்கத்தில் ஒருத்தி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு 100 பிரசவம் என்றால் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, எந்தப் பக்கம் போனாலும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. கூப்பிட்டால் 108 வருகிறது. கிராம சுகாதார செவிலியராக இந்த வயல் வரப்புகளில் நடந்து வேலை பார்த்தவள் நான். இது எத்தனை பேருடைய உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்த பெண்ணுக்கு, வாசலுக்கு உள்ளே துணை யார்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பெரிய நகரங்களில் வசதி உள்ளவர்கள் 'டூலா' என்று ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்கிறார்கள். அவர் பிரசவம் பார்ப்பவர் இல்லை. ஊசி போடமாட்டார், உள்பரிசோதனை செய்யமாட்டார். மாதக்கணக்கில் பழகி, வலி எடுத்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கிற வரைக்கும் கூடவே இருப்பார். பிரசவத் துணை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே பிரசவம் பார்க்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். துணையும் அங்கேதான்.

காவிரிக்கரையில் இருக்கிற நமக்கு இது புதுசா என்ன? திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரியாதவர்கள் உண்டா? இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லிச் சொல்லி அலுக்காத கதை. செட்டிப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அந்த அம்மாவும் மருந்து, எண்ணெய் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். பார்த்தால் காவிரியில் வெள்ளம். ஓடம் போகவில்லை. அக்கரையில் தாய், இக்கரையில் வலியோடு மகள். அப்போது சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து மகளுக்குத் துணை இருந்து பிரசவத்தை முடித்துவைத்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து வாசலில் நிற்கும்போதுதான், இத்தனை நாள் கூட இருந்தது யார் என்று தெரிகிறது. இன்றைக்கும் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறோம்.

தாய்மார்கள் கூட்டங்களில் இதைச் சொல்லும்போது நான் ஒன்றைக் கேட்பேன். வந்தவர் கடவுள். நினைத்த மாத்திரத்தில் வலியில்லாமல் குழந்தையைப் பிறக்க வைத்திருக்கலாமே? வெள்ளத்தை வற்ற வைத்திருக்கலாமே? அதைச் செய்யவில்லை. தாயாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்கு முதலில் எது வேண்டும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளமும் பழைய கதை இல்லை. மேட்டூர் நிரம்பி உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்தால், நாதல்படுகை, முதலைமேடு திட்டு பக்கமெல்லாம் இன்றும் படகில்தான் போக வேண்டியிருக்கும். ஒன்பதாம் மாதம் யாருக்கு, எந்த வீட்டில் என்று ஊருக்குள்ளேயே ஒருத்திக்குத் தெரிந்திருந்தால், தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணை மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். தண்ணீரே இல்லாத நாளிலும் தாமதம் வீட்டுக்குள்ளேதான் தொடங்குகிறது. "சூட்டு வலியாத்தான் இருக்கும், சீரகக் கஷாயம் போட்டுக் குடு" என்பார்கள். கஷாயம் குடித்து, காத்திருந்து, விடிந்து பார்த்தால் பனிக்குடம் உடைந்திருக்கும். "கஷாயம் குடிக்கட்டும், ஆனா இப்பவே 108-க்கு போன் பண்ணுங்கத்தை" என்று மாமியாரிடம் உரிமையோடு சொல்ல அந்தத் தெருவிலேயே ஒரு ஆள் வேண்டும்.

உள்ளே என்ன செய்வார் அந்தத் துணை? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். வலி வரும்போது அவள் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள் அவளுடைய சித்தி. வலி இறங்கியதும், "அடுத்தது வர்றதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடிச்சுக்க கண்ணு." பிறகு, "ஒண்ணுக்குப் போயிட்டு வா, அடைச்சு வைக்காத." மறுபடி வலி. "முக்காத, நர்சம்மா சொல்றப்ப முக்கலாம், இப்ப ஊது." கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்காமல் முக்கினால் பெண் சோர்ந்துபோவாள். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர்களே "முக்கு, முக்கு" என்று விரட்டுவதும் உண்டு. அந்தச் சித்திக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தோம். அதனால்தான் துணைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு பொது மருத்துவமனையில் 616 பெண்களை வைத்து ஆய்வு செய்து 1991-ல் வெளியிட்டார்கள். துணை இல்லாதவர்களில் 100-க்கு 18 பேருக்கு சிசேரியன். டூலா கூட இருந்தவர்களில் 8 பேருக்குத்தான். பிறகு பல நாடுகளில் 15,000 பெண்களுக்கு மேல் தொகுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான்: வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது. நம் மாநிலத்தில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 100-க்கு கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். உயிர் காக்கச் செய்கிற ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. பயத்தாலும் சோர்வாலும் கத்திக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

உத்தரவு இல்லையா? இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் துணை இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள, தொற்று நோய் இல்லாத உறவுக்காரப் பெண் ஒருவர் உள்ளே போகலாம். ஆனால் நடைமுறையில், கூட்டமான ஆஸ்பத்திரிகளில் அம்மாக்காரி வயர் கூடையும் பிளாஸ்க்குமாக வெளியேதான் நிற்கிறாள். காரணம் கேட்டால், "பக்கத்துக் கட்டிலில் வேறு பெண் இருக்கிறாளே" என்பார்கள். நியாயமான காரணம்தான். அதற்குத் தேவை இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு திரைச்சீலை, துணை உட்கார ஒரு ஸ்டூல். கோடிக்கணக்கில் செலவாகிற காரியமா இது?

இன்னொன்று கூலி. நடவுக் காலத்தில் வலி எடுத்தால் தாய்க்கும் மாமியாருக்கும் அந்த நாள் கூலி போய்விடும். புருஷன் வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பார். துணைக்கு ஆளே இல்லாத பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சியும் ஊக்கத்தொகையும் கொடுத்து, வீடு வீடாக பி.பி., சர்க்கரை பார்க்க அனுப்பினார்கள். அந்தக் குழுக்களிலிருந்தே ஊருக்கு இரண்டு பேரைப் பிரசவத் துணைக்குத் தயார் செய்ய வேண்டும். இலவசச் சேவையாக இல்லை, ஊதியத்தோடு. ராத்திரி முழுக்க நின்று இடுப்பைப் பிடித்துவிடுவது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கொடுங்கள். துணியை நனைத்து நனைத்து ரத்தம் போனாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ பத்தியச் சாப்பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று அவள் அழுதால் திட்டாதீர்கள், நர்சம்மாவிடம் சொல்லுங்கள். சந்தேகம் எதுவானாலும் 104-க்குப் பேசலாம்.

கேட்டுக்கொண்டிருக்கிற கர்ப்பிணித் தாய்மார்கள் அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, "உள்ளே என்கூட யார் வரலாம்?" என்று மறக்காமல் கேளுங்கள். வருகிறவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வணக்கம்.