என்சிஏஏ தராத பட்டத்தை யாரிடம் போய் வாங்குவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மேட்ச்சை ரெக்கார்டில் போட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, ரெக்கார்டு போடாமல் போனில் மியூட் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைத் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே உரிமை கோருகிற தேசிய சாம்பியன் பட்டங்கள் நியாயமா, அபத்தமா என்பதுதான் தலைப்பு. நியாயம்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார், மறுக்கவில்லை. அவர் சொன்னது என்ன? கோப்பையைக் கையில் வாங்கியவன் சாம்பியன், மற்றதெல்லாம் சுயதம்பட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோப்பையை யார் கையிலிருந்து வாங்குவது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கிற சங்கம், வாள்வீச்சுக்குத் தேசியப் பட்டம் தருகிறது, துப்பாக்கி சுடுவதற்குத் தருகிறது, பெண்கள் பவுலிங்குக்குக்கூடத் தருகிறது. ஒரு லட்சம் பேர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து கத்துகிற ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவுக்கு மட்டும் இன்று வரை ஒரு தடவைகூடத் தந்ததில்லை. இப்போது சாம்பியனைத் தீர்மானிக்க நடக்கிற பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றே கான்ஃபரன்ஸ்கள், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள், சேர்ந்து நடத்துவதுதான். என்சிஏஏ என்ன செய்கிறது தெரியுமா? எந்தெந்த ஆண்டில் எந்தப் பத்திரிகை, எந்தக் கணக்குமுறை, எந்த ஆய்வாளர் யாரைச் சாம்பியன் என்றார்கள் என்று தன் ஆவணப் புத்தகத்தில் வரிசையாக அச்சடித்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறது. ஒரே ஆண்டுக்கு மூன்று பெயர், நான்கு பெயர் இருக்கும். தேர்வு செய்ய வேண்டியவன் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், பட்டியலில் தன் பெயரைப் பார்த்தவன் "இது நான்தான்" என்று சொன்னால் அவன் மேல் கோபப்படுகிறோம்!

இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் என்பார்கள். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. ஒரு வாரம் கழித்துப் பிரின்ஸ்டன் 8-0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அந்த வருஷம் ஆடியதே இந்த இரண்டு பேர்தான், ஆளுக்கொரு வெற்றி. அப்படியென்றால் சாம்பியன் யார்? பிரின்ஸ்டன் கணக்கில் பிரின்ஸ்டன். அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1930-களில் பார்க் டேவிஸ் என்ற ஆய்வாளர் பழைய ஆண்டுகளுக்கெல்லாம் சாம்பியன் பட்டியல் எழுதினார். அவர் எங்கே ஃபுட்பால் ஆடியவர் என்று கேளுங்கள். பிரின்ஸ்டனில்தான். அவர் பட்டியலையும் என்சிஏஏ புத்தகம் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

சகோதரி உடனே, அதெல்லாம் தாத்தா காலம், 1936-ல் ஏபி, அதாவது அசோசியேட்டட் பிரஸ், பத்திரிகையாளர் வாக்கெடுப்பு வந்துவிட்டது, 1950-ல் பின்னாளில் யுபிஐ ஆன யுனைடெட் பிரஸின் பயிற்சியாளர் வாக்கெடுப்பு வந்துவிட்டது என்பார். (யுபிஐ என்றதும் டீக்கடை ஸ்கேனர் ஞாபகம் வர வேண்டாம், அதுவும் ஒரு செய்தி நிறுவனம்தான்.) வந்தது, சரி. வந்து என்ன ஆனது?

1966-ல் நோட்ரடேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதினார்கள். ஸ்கோர் 10-10. கடைசி நிமிஷத்தில் பந்து நோட்ரடேம் கையில் இருந்தும், ஜெயிக்கப் பார்க்காமல் நேரத்தைக் கடத்தி டிராவோடு வீட்டுக்குப் போனார்கள். வாக்கெடுப்பில் அவர்கள்தான் முதலிடம். அந்த வருஷம் அலபாமா 11 ஆட்டம் ஆடிப் பதினொன்றையும் ஜெயித்தது, டிராகூட இல்லை. கிடைத்தது மூன்றாமிடம். அன்றைய அலபாமா அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை என்பது வாக்களித்தவர்கள் மனதை உறுத்தியிருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. அந்த உறுத்தல் நியாயமாகவே இருக்கட்டும், ஆனால் அப்போது அது களத்தில் முடிவான பட்டம் இல்லையே.

1969-ல் அதிபர் நிக்சனே நேரில் வந்துவிட்டார். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஃபயட்வில்லில் டெக்சஸ் 15-14 என்று ஆர்கன்சாஸை ஜெயித்ததும் லாக்கர் ரூமுக்கே போய், நீங்கள்தான் நம்பர் ஒன் என்று ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்தார். பென் ஸ்டேட் என்று ஓர் அணி, அதற்கு முந்தின வருஷமும் தோற்கவில்லை, அந்த வருஷமும் தோற்கவில்லை, அவர்களுக்கு அல்வா. அவர்களுடைய பயிற்சியாளர் ஜோ பேட்டர்னோ நான்கு வருஷம் காத்திருந்து 1973-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் திருப்பிக் கொடுத்தார்: 1969-ல் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றி அவ்வளவு தெரிந்துவைத்திருந்த அதிபருக்கு 1973-ல் வாட்டர்கேட் ஊழலைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எப்படி என்று. இந்த மேடையில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்தாலும் அதைவிட நல்ல பட்டிமன்றப் பேச்சு பேச முடியாது.

இதையெல்லாம் விடுங்கள், 1990-க்கு வாருங்கள். அக்டோபர் 6, கொலராடோவும் மிசௌரியும். மிசௌரி 31-27 என்று முன்னால் இருக்கிறது, கோல் கோட்டுக்குப் பக்கத்தில் கொலராடோ, நேரம் முடியப் போகிறது. ஒரு அணிக்கு நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி, அவ்வளவுதான். முதல் டவுனில் கொலராடோவின் சார்லஸ் ஜான்சன் பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டாவதில் எரிக் பியனமி ஓடினார், கோட்டுக்கு முன்னாலேயே அமுக்கிவிட்டார்கள். டைம்அவுட். இந்த இடைவெளியில்தான் டவுன் எண்ணைக் காட்டுகிற கம்பில் 2-ஐ 3 ஆக்க மறந்துவிட்டார்கள். மறுபடி பியனமி, மறுபடி தடுத்தார்கள். இப்போது உண்மையில் நடக்க வேண்டியது கடைசி முயற்சி, ஆனால் கம்பு 3 என்கிறது. கம்பை நம்பி ஜான்சன் இரண்டு வினாடி பாக்கி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்தார். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐந்தாவது முயற்சியில் ஜான்சனே பந்தோடு பாய்ந்தார், டச்டவுன் என்று நடுவர் கையைத் தூக்கினார், அவர் கோட்டைத் தொட்டாரா என்பதே மிசௌரிக்காரர்களுக்கு இன்றுவரை சந்தேகம். 33-31. முடிவு மாறவில்லை, தவறு செய்த களநடுவர்கள் சஸ்பெண்ட் ஆனதோடு சரி. அந்தக் கொலராடோவைத்தான் ஏபி சாம்பியன் என்றது. பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 847-846, ஜார்ஜியா டெக்!

இதே மாதிரி ஐந்தாவது டவுனில் 1940-ல் கார்னெல் டார்ட்மத்தை ஜெயித்தது. அப்புறம் ஃபிலிமைப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்று கார்னெலே திருப்பிக் கொடுத்தது, ஆட்டம் டார்ட்மத் கணக்கில் 3-0 என்று பதிவானது. கொலராடோ அப்படிச் செய்யவில்லை. அதற்காக அவர்களை நான் திட்டவில்லை. கோப்பையை வாங்கியவன் சாம்பியன் என்ற எதிரணியின் வாதத்தில் இந்த ஐந்தாவது டவுனும் உள்ளே இருக்கிறது என்று ஞாபகப்படுத்துகிறேன்.

இப்போது எதிரணியின் துருப்புச்சீட்டு: அலபாமா, 1941. சகோதரி இதைச் சொன்னபோது அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த வருஷம் அலபாமா மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 14-0, வாண்டர்பில்ட்டிடம் 7-0 என்று இரண்டு ஆட்டம் தோற்றது, ஏபி வரிசையில் இருபதாவது இடம். ஹூல்கேட் என்பவரின் கணக்குமுறை மட்டும் அவர்களை முதலிடத்தில் வைத்தது, பல பத்தாண்டுகள் கழித்து 1980-களில் பல்கலைக்கழகம் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நான் இதைத் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அதே அலபாமா, பதினொன்றுக்குப் பதினொன்று ஜெயித்த அந்த 1966-ஐ இன்று வரை கோரவில்லை! 1945-லும் பத்துக்குப் பத்து, அதையும் கோரவில்லை. எல்லாம் பேராசை என்றால் இந்த இரண்டையும் ஏன் விட்டுவைத்தார்கள்? இரண்டு ஆட்டம் தோற்ற அணி ஒன்று கோரியது என்பதற்காக, ஒரு ஆட்டமும் தோற்காதவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

அப்படி வாயை மூடாத ஒருவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். யுசிஎஃப், சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம். 2015-ல் அவர்கள் ஆடிய பன்னிரண்டும் தோல்வி. இரண்டே வருஷத்தில், 2017-ல், பதிமூன்று ஆட்டம், பதிமூன்று வெற்றி. அந்த அணியின் ஷகீம் கிரிஃபின் நான்கு வயதில் இடது கையை இழந்தவர், ஒரே கையோடு எதிரணி ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார். பீச் பௌல் என்ற சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று ஜெயித்தபோது தற்காப்பில் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அந்த ஆபர்ன் யார் தெரியுமா? அதே நவம்பரில் ஜார்ஜியாவை 40-17, அலபாமாவை 26-14 என்று வீழ்த்திய ஆபர்ன். பிளேஆஃப் இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு அணிகள் யார்? ஜார்ஜியாவும் அலபாமாவும்தான்!

ஆபர்ன் அப்புறம் அதே ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றதே என்று எதிரணியில் ஒரு அண்ணன் அங்கிருந்தே தலையாட்டுகிறார். தோற்றது அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டிக்கே போகாத அலபாமாவை நான்காவது அணியாக உள்ளே இழுத்த தேர்வுக் குழு, தோல்வியே காணாத யுசிஎஃப்பை எந்த இடத்தில் வைத்தது? பன்னிரண்டாவது இடத்தில். அன்று நான்கு பேருக்குத்தான் பிளேஆஃப். அவர்கள் இன்னும் எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. பெரிய அணிகளோடு ஆடவில்லை என்பது குழுவின் சாக்கு. பெரிய அணிகள்தான் இவர்களோடு ஆட வர வேண்டுமே, அட்டவணையைத் தயாரிப்பது யார்?

யுசிஎஃப் என்ன செய்தது? விளையாட்டு இயக்குநர் டேனி வைட், நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று அறிவித்தார். பயிற்சியாளர்களுக்கு அதற்கான போனஸ் உண்டு என்றார். டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போனார்கள், ஸ்டேடியத்தில் பேனர் ஏற்றினார்கள். நாடே சிரித்தது. ஆனால் ஒரு வானியற்பியலாளர் உருவாக்கிய கோலி மேட்ரிக்ஸ் என்ற கணக்குமுறை, ஒரு காலத்தில், பிளேஆஃப் வருவதற்கு முன்பு இறுதிப்போட்டியை நடத்திய பிசிஎஸ்காரர்களே அதற்கு ஆள் எடுக்கப் பயன்படுத்திய அதே முறை, யுசிஎஃப்பை முதலிடத்தில் வைத்தது. என்சிஏஏ ஆவணப் புத்தகத்தில் 2017-க்கு நேரே அலபாமாவும் இருக்கிறது, யுசிஎஃப்பும் இருக்கிறது. சுயதம்பட்டம் என்றால் புத்தகத்தில் எப்படி ஏறியது?

இப்போதுதான் 2024-லிருந்து பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றனவே, இனி எதற்கு இந்தச் சண்டை என்று நடுவர் அவர்களேகூட நினைக்கலாம். சரியான கேள்வி. ஆனால் பன்னிரண்டு எப்படி வந்தது? வெளியே நின்றவர்கள் சத்தம் போட்டதிலும் வந்தது. அதோடு, பழைய ஆண்டுகளை அது சரிசெய்துவிடாதே. 2004-ஐ எடுங்கள். சதர்ன் கலிஃபோர்னியா, யுஎஸ்சி, இறுதிப்போட்டியில் ஓக்லஹோமாவை 55-19 என்று நசுக்கியது, கோப்பையை வாங்கியது. அந்த அணியின் வீரர் ரெஜி புஷ் விதிக்குப் புறம்பான சலுகைகள் பெற்றார் என்று 2011-ல் பிசிஎஸ் அந்தப் பட்டத்தையே ரத்து செய்தது, ஏபி தன் பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆக ஒரு கணக்கில் யுஎஸ்சி, இன்னொரு கணக்கில் யாருமே இல்லை. அந்த வருஷம் 13-0 என்று முடித்தும் இறுதிப்போட்டிக்கு அழைக்கப்படாத ஆபர்ன், 2025-ல் பழைய கணக்கையெல்லாம் எடுத்து ஒன்பது பட்டம் என்று அறிவித்தபோது 2004-ஐயும் அதில் சேர்த்தது. ஒன்பது கொஞ்சம் ஓவர்தான், எனக்கும் தெரிகிறது. அதில் 2004 ஓவர் இல்லை.

நேரம் முடிந்தது என்று நடுவர் மணியைத் தொடுகிறார், ஒரே ஒரு ஆண்டோடு முடிக்கிறேன். 1964. அன்றைக்கெல்லாம் ஏபியும் யுபிஐயும் பௌல் ஆட்டங்களுக்கு முன்பே வாக்கெடுப்பை முடித்துவிடுவார்கள், கடைசிப் பரீட்சை எழுதும் முன்பே ரேங்க் கார்டு கொடுப்பது போல. இரண்டிலும் அலபாமா முதலிடம். வாங்கிக்கொண்டு ஆரஞ்ச் பௌலுக்குப் போய் டெக்சஸிடம் 21-17 என்று தோற்றது. அந்த டெக்சஸை அக்டோபரிலேயே அதன் சொந்த மைதானத்தில் 14-13 என்று ஜெயித்திருந்த அணி ஒன்று உண்டு, ஆர்கன்சாஸ். அவர்கள் காட்டன் பௌலில் நெப்ராஸ்காவையும் 10-7 என்று ஜெயித்து, ஒரு தோல்வியும் இல்லாமல் 11-0 என்று முடித்தார்கள், ஃபுட்பால் எழுத்தாளர் சங்கம் அவர்களைச் சாம்பியன் என்றது, அவர்களும் இன்று வரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எதிரணியின் விதிப்படி இரண்டு பெரிய வாக்கெடுப்பிலும் வென்ற அலபாமாதான் சாம்பியன், ஆர்கன்சாஸ் சொல்வது தம்பட்டம். அந்த ஆர்கன்சாஸ் அணியில் ஆடியவர்களில் ஒருவர் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியின் இன்றைய உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ். அடுத்து மைக்கைப் பிடிக்கப்போகும் எதிரணி அண்ணன், ஐயா உங்கள் 1964-ஐ அழித்துவிடுங்கள், தோற்றுப்போன அலபாமாதான் சாம்பியன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தயாரா, இல்லையா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.