ஹெலிகாப்டர் தண்ணீர் ஊற்றினால் காட்டுத்தீ அணையுமா? ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு நேயர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எழுதியிருக்கிறார்: "அமெரிக்காவில் ஓய்வுக்குப் பிறகும் கோடையானால் காட்டுத்தீ வேலைக்குப் போகிறார்கள், விமானங்களோடு வேலை பார்க்கிறார்கள் என்கிறார்களே. எனக்கு 61 வயது, உடம்பு நன்றாக இருக்கிறது. நீலகிரியில் ஹெலிகாப்டர் வந்து தீயணைக்கும்போது எனக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா சார்?"

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுவோம். அங்கே மத்திய அரசின் தீயணைப்புப் படையில் இருப்பவர் 57 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும். ஆனால் கோடையில் தீ கைமீறிப் போனால் ஓய்வு பெற்றவர்களையே தற்காலிகமாகக் கூப்பிடுவார்கள். வயர்லெஸ், வண்டிகள், கணக்கு, விமானத்தளத்தில் தீத்தடுப்புக் கலவை ஏற்றுவது, இப்படிப்பட்ட வேலைகள். தீக்கு அருகிலேயே போக வேண்டும் என்றால் ஒரு சோதனை: 20 கிலோ சுமையோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். ஓடக்கூடாது. நம் பக்கத்துப் பையன்களில் எத்தனை பேர் முடிப்பார்கள் என்று தெரியவில்லை!

விமானத்திலிருந்து சிவப்பாக ஒன்று கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அம்மோனியம் பாஸ்பேட் கலந்த கலவை அது. எங்கே விழுந்தது என்று தெரிவதற்காகச் சிவப்புச் சாயம். அதைப் பெரும்பாலும் எரியும் இடத்தில் கொட்டுவதில்லை. தீ வரப்போகும் பாதையில், இன்னும் எரியாத புதர்மேல் கொட்டுகிறார்கள். அதாவது அங்கேயும் நான் எப்போதும் சொல்வதுதான்: மேலிருந்து வருவது தீயின் வேகத்தைக் குறைக்கும், அணைப்பது ஆள்தான்.

நம் ஊருக்கு வருவோம். 2024 மார்ச்சில் குன்னூர் காடு நாள்கணக்கில் எரிந்தபோது சூலூரிலிருந்து விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்தது. வயிற்றுக்குக் கீழே கயிற்றில் தொங்கும் பெரிய வாளி. ரேலியா அணையில் முக்கி எடுத்து, மலைச்சரிவில் ஊற்றியது. 16,000 லிட்டருக்கு மேல் என்று விமானப்படை சொன்னது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய லாரியில் ஒன்றரை லாரிகூட ஆகாது. அதிலும் ஒரு பகுதி மர உச்சியிலேயே தங்கிவிடும். தாழப் பறந்தால் இறக்கைக் காற்றே தீயை விசிறிவிடும். உயரப் பறந்தால் தண்ணீர் சிதறிப்போகும். புகையும் மேகமும் பள்ளத்தாக்கை மூடிவிட்டால் பறக்கவே முடியாது. ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் ஏற முடியாத செங்குத்துச் சரிவில் அதை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் அது திரும்பிப் போன பிறகு நடப்பதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. கையில் பச்சைத் தழைக் கொத்தோடு, சில இடங்களில் முதுகில் காற்று ஊதும் இயந்திரத்தோடு வனக் காவலர்கள் இறங்குவார்கள். கோத்தகிரி பக்கம் ஒரு காவலர், இருளர், வேலை பார்ப்பதை நின்று கவனித்திருக்கிறேன். கருகிய அடிமரத்தின் அருகில் குந்தி, சாம்பலுக்கு மேலே புறங்கையை மெல்லக் கொண்டுபோவார். சூடு தட்டினால் வெட்டுக்கத்தியால் கிளறுவார். உள்ளே வேர் கனன்றுகொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு வந்தால் மறுநாள் மதியக் காற்றில் மறுபடி கிளம்பிவிடும். எந்த வாளித் தண்ணீரும் அந்த வேர்வரை போகாது. அணைப்பது ஆள்தான்.

அப்படியென்றால் ஐயாவுக்கு என்ன வேலை? தீ எரியும் சரிவில் உங்களுக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை. 2018-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு நம் கால் ஈடாகாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய மாதம் மார்ச் இல்லை, ஜனவரி. உறைபனி பற்றிய பேச்சில் சொன்னேனே, டிசம்பரிலும் ஜனவரியிலும் பனியில் கருகிய புல்தான் பிப்ரவரியில் எரிகிறது. அதற்கு முன்பே, ஜனவரி வாக்கில்தான் வனத்துறை தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாதபடி புல் புதரை அகற்றிய பட்டைகளைச் செதுக்கும். அதற்குத் தற்காலிக ஆள் எடுப்பார்கள், பெரும்பாலும் காட்டை ஒட்டிய ஊர்க்காரர்களை. அவர்கள் பிழைப்பில் நாம் கை வைக்க வேண்டாம். ஆனால் அந்த மாதத்தில் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போய், என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள், அது குற்றம்.

இன்னொன்று, டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம், காசு கிடையாது. மின்வாரியத்தில் இருந்தவருக்கு எந்த மேட்டில் எந்த லைன் போகிறது, எந்தப் பாதையில் வண்டி ஏறும் என்பதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். எச்சரிக்கை வந்ததும் அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று இளைஞர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு 20 கிலோ தூக்க வேண்டியதில்லை.

சரி, அடுத்த கேள்வி உண்ணிச்செடி பற்றியது. அதற்கு ஒரு முழு வீடியோவே வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம்.