பீடி தொடாதவருக்கும்

நேயர்களுக்கு வணக்கம். சாயல்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷம் நடந்த செவிலியர் நான். நுரையீரல் புற்றுநோய் என்றதும் எல்லோரும் பீடி, சிகரெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது, அவற்றைக் கையாலும் தொடாதவர்களுக்கு வருவதைப் பற்றி.

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் பனங்காட்டு ஓலைக் கொட்டகைகளில் புகை கசிந்துகொண்டே இருக்கும். கருப்பட்டி காய்ச்சுகிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்காரர் மரமேறிப் பதநீர் இறக்கி வருவார். அதற்கப்புறம் எல்லாம் பெண்கள் பாடு. அடுப்பில் பனை மட்டை, காய்ந்த ஓலை, சீமைக்கருவேல விறகு. பதநீர் பொங்கிப் பாகாகி, சிரட்டையில் ஊற்றும் பதம் வர மணிக்கணக்காகும். எழுந்து போனால் அடிப்பிடித்துவிடும். குனிந்து நுழைய வேண்டிய கொட்டகை, புகை வெளியேற ஓலை இடுக்குதான் வழி.

அப்படி இருபத்தைந்து வருஷம் காய்ச்சிய ஒரு மதினியை எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் பீடிப் பழக்கம் கிடையாது. இருமல் வந்தது. "புகையில கெடக்குறவளுக்கு இருமல் வராம என்ன?" என்று விட்டுவிட்டார். மெலிந்தார். ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துவிட்டு, சளியில் கிருமி தெரியாமலே டிபி மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டார். நானும் டிபி என்றே நம்பி, மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்து, சதைப் பரிசோதனை செய்தபோதுதான் புற்று என்று தெரிந்தது. ஊரில் சிலர், "ரகசியமாக் குடிச்சிருப்பாளோ?" என்றார்கள். நோயைவிட அந்தப் பேச்சுதான் மதினியை அதிகம் வாட்டியது.

அந்தக் கொட்டகைப் புகைதான் காரணம் என்று ஒரு தனி மனுஷியை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொதுவாகத் தெரிந்தது நிறைய இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஓர் இடம். அங்கே பெண்கள் புகைப்பது அபூர்வம். இருந்தும் அவர்களுக்கு நுரையீரல் புற்று மிக அதிகம். வீட்டுக்குள் நிலக்கரியை எரித்துச் சமைத்தார்கள், புகை வெளியேற வழியில்லை. பிறகு புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்தது. புகைபோக்கி ஒன்றுதான் மாற்றம்! நிலக்கரிப் புகை புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகச் சொல்கிறது. விறகுப் புகையை, அநேகமாக உண்டாக்கும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. அந்த அநேகமாக என்பதே எனக்குப் போதும். கேஸ் அடுப்பு வந்தும் வெந்நீருக்கும் மீன் குழம்புக்கும் விறகைத்தானே மூட்டுகிறோம்? முடிந்தால் அடுப்பை வெளியே போடுங்கள். முடியாவிட்டால் கொட்டகையில் ஒரு பக்கத் தட்டியையாவது திறந்து வையுங்கள்.

கரிமூட்டம் போடும் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கும் இதே வார்த்தைதான். காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போகும் பக்கம் நிற்காதீர்கள்.

சரி, புகை என்ன செய்கிறது? கண்மாய் வறண்டு கிடக்கும்போது சீமைக்கருவேல விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். ஒரு மழை போதும், முளைத்துவிடும். நுரையீரலிலும் வயதாக ஆக, மரபணு மாறிய செல்கள் சில சும்மா கிடக்கின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு நுண்ணிய தூசு உள்ளே போய்ப் புண்ணாக்கும்போது அவை விழித்துக்கொள்கின்றன என்று லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது ஊர்க்காற்றில் உள்ள தூசியை. லாரி விடும் டீசல் புகையும் அதில் சேர்த்திதான்.

அடுத்தவர் பீடிப் புகையும் அப்படித்தான். ஜப்பானில் ஹிராயாமா என்பவர் 1981-இலேயே, புகைக்கும் கணவர்களின் புகைக்காத மனைவிகளுக்கு இந்தப் புற்று கூடுதலாக வருவதைக் கண்டு சொன்னார். கடலுக்குப் போய்வரும் தம்பிகளே, வாசலைத் தாண்டிப் போய்ப் பற்றவையுங்கள். அதையும் விட்டுவிட்டால் இன்னும் சந்தோஷம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசியும் ரேடான் வாயுவைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். இரண்டு விஷயம் மட்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். டிபி மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை என்றால் ஸ்கேன் கேளுங்கள். புற்று என்றால் இஜிஎஃப்ஆர் மரபணுச் சோதனையும் கேளுங்கள், புகைக்காதவர்களிடம் அந்த மாற்றம் அடிக்கடி இருக்கிறது, அதற்கென்றே மாத்திரையும் உண்டு. அப்புறம், ஆஸ்பெஸ்டாஸ் தூசியாலும் இந்தப் புற்று வரும்; புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைக் காய்ந்தபடி அறுக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். வணக்கம்.