பழுது பொறுக்கும், டியூ பொறுக்காது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய பிக்கப் வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு எது லாபம்? பழுது பார்த்து ஓட்டுவதா, மாற்றிப் புதிது வாங்குவதா?" இதுதான் தலைப்பு. பழுது பார்த்து ஓட்டுவதே லாபம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுவது எங்கள் வீட்டுக்காரர், கணக்கு எழுதுவது நான். 2012 மாடல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக விடிவதற்குள் பாலக்காடு போய்ச் சேர வேண்டும். அந்த வண்டிக்கு வாங்கிய பல்பு முதல் கட்டிய அபராதம் வரை எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. என்னோடு மேடைக்கு இதையும் கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் உருக்கமாக ஒரு சம்பவம் சொன்னார். நடுராத்திரியில் வண்டி நின்றுவிட்டது, தக்காளி லோடு பாதி அழுகிவிட்டது, மண்டிக்காரர் வாடகையைப் பிடித்துக்கொண்டார் என்றார். கேட்கும்போது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் வண்டி ஏன் நின்றது? அவரே சொன்னார், ரேடியேட்டர் ஹோஸ், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகிற ரப்பர் குழாய், வெடித்தது என்று. நடுவர் அவர்களே, ஹோஸ் ஒரே ராத்திரியில் வெடிப்பதில்லை. முதலில் உப்பும், அப்புறம் கிளாம்ப் ஓரத்தில் கீறல் விடும், அழுத்திப் பார்த்தால் பிசுபிசுக்கும். சில நூறு ரூபாய் ஹோஸை நேரத்தில் மாற்றாததற்கு பத்து லட்ச ரூபாய் வண்டியா மருந்து? அதே அலட்சியத்தோடு புதிய வண்டியை ஓட்டினால் அதுவும் ஐந்தாவது வருடம் நடுரோட்டில் நிற்கும். உடைந்த பிறகு தள்ளிக்கொண்டு போவதைப் பழுது பார்ப்பது என்று எங்கள் அணி சொல்லவில்லை. உடைவதற்கு முன்னால் மாற்றுவதும் பழுது பார்ப்பதுதான்.

அடுத்து அவர் சொன்னது, விற்றால் இரண்டரை லட்சம்கூடப் போகாத வண்டிக்கு யாராவது 86 ஆயிரம் செலவு செய்வார்களா என்று. செய்தவள் நான்தான், அதனால் நானே பதில் சொல்கிறேன்.

2023இல் எங்கள் வண்டி வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் செல்ப் அடித்தால் இருமி இருமித்தான் எழும். மெக்கானிக் அண்ணன் வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை வந்தது. உள்ளங்கையைக் காட்டினால் ஊதுகிற மாதிரி காற்று அடிக்கிறது. இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்கு மனசே இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். நான் லேத் பட்டறைக்கே போனேன். ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். "அம்மணி, விரலை உள்ளே விடு. நகத்தை வெச்சு மேலே இழு" என்றார் அந்த அண்ணன். இழுத்தேன். மேலே ஒரு விளிம்பில் நகம் டக்கென்று தட்டியது. "பிஸ்டன் ரிங் ஓடின இடம் பூரா தேஞ்சு போச்சு. ரிங் போகாத இடம் மட்டும் வாங்கினப்ப இருந்த மாதிரியே நிக்குது. அந்தப் படிதான் உன் நகத்தில தட்டுது. உன் ஆயில் போற வழி இதுதான்" என்றார். பதினோரு வருட ஓட்டத்தின் தேய்மானத்தை அன்றைக்கு என் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தேன். வண்டி முழுக்கப் போகவில்லை, நாலு சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

தேய்ந்த சிலிண்டரைச் சீராகக் குடைந்து போர் எடுத்தார்கள், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங் போட்டார்கள், வால்வு கிரைண்ட் செய்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது சிலிண்டர் சுவரில் பாய்ப் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய சாய்கோடுகள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும் என்றார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அரை லோடுதான், விரட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். 86 ஆயிரம் ஆனது. அன்றிலிருந்து ஒரு ஆயில் மாற்றுக்கும் அடுத்த ஆயில் மாற்றுக்கும் நடுவில் ஒரு சொட்டு ஆயில் ஊற்றியதில்லை.

இந்தச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவதே தப்பு. நான் வண்டியை விற்கப் போவதில்லை. எனக்குத் தேவை, ராத்திரி ஒன்றரை டன் காயைப் பாலக்காட்டில் இறக்குகிற வேலை. அந்த வேலையை இன்னும் நாலு வருடம் வாங்க 86 ஆயிரமா, பத்து லட்சமா? இதுதான் கேள்வி. புகை தள்ளும் இன்ஜினோடு அன்றைக்கே விற்றிருந்தால், வாங்குபவர் அதே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டரை லட்சத்தில் ஒரு லட்சத்தைக் குறைத்துத்தான் கேட்டிருப்பார். பழுதுச் செலவிலிருந்து யாரும் தப்புவதில்லை. வேலையைச் செய்யாமல் விற்றால் அந்தப் பணம் வாங்குபவரிடம் போகிறது, செய்தால் நமக்கு உழைக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கடந்த மூன்று வருடத்தில் வண்டிக்கு என்று நான் எழுதிய மொத்தச் செலவு, டீசலும் இன்சூரன்ஸும் நீக்கி, 3 லட்சத்து 94 ஆயிரம். கேட்டதும் தலை சுற்றும். வீட்டில் எனக்கும் சுற்றியது. அப்புறம் உட்கார்ந்து இரண்டு கலர் பேனாவால் பிரித்தேன். டயர், பேட்டரி, ஆயில், பிரேக் லைனிங் எல்லாம் எந்த வண்டி வைத்திருந்தாலும் ஆகும். ஷோரூமிலிருந்து நேற்று எடுத்த வண்டிக்கும் டயர் தேயும். அதெல்லாம் 1 லட்சத்து 58 ஆயிரம். வண்டி பழையது என்பதற்காக மட்டும் ஆனது, இன்ஜின் வேலையையும் சேர்த்து, 2 லட்சத்து 36 ஆயிரம். பழைய வண்டி தின்கிறது தின்கிறது என்று சொல்கிறவர்களில் பலர் இந்த இரண்டையும் கலந்து சொல்கிறார்கள்.

பட்டறையில் வண்டி நின்ற நாளையும் மறைக்க மாட்டேன். மூன்று வருடத்தில் 31 நாள். நாளுக்கு 2,000 ரூபாய் கைக்காசு போனதாக வைத்தால் 62 ஆயிரம். இதை அந்த 2 லட்சத்து 36 ஆயிரத்தோடு சேர்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். எதிரணி சொன்ன மைலேஜையும் ஒப்புக்கொள்கிறேன். எங்களுடையது லிட்டருக்கு 11, புதியது 13 தரும் என்றே இருக்கட்டும். வருடம் 30,000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 420 லிட்டர் கூடுதல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 39 ஆயிரம். ஆக வருடத்துக்கு 1 லட்சத்து 39 ஆயிரம்.

புதிய வண்டி? பத்து லட்சம். 2 லட்சம் கையிலிருந்து கட்டி, 8 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, 48 மாதம். மாதம் ஏறக்குறைய 20,700 ரூபாய் டியூ. கட்டி முடிக்கும்போது கடனுக்கு மட்டும் 9 லட்சத்து 92 ஆயிரம் போயிருக்கும், முன்பணத்தோடு 11 லட்சத்து 92 ஆயிரம். "டியூ முடிந்தால் வண்டி சொந்தமாச்சே" என்பார்கள். சரி, நாலு வருடம் கழித்துப் பாதி விலைக்கு, 5 லட்சத்துக்குப் போகும் என்றே வையுங்கள். அதைக் கழித்தாலும் வருடத்துக்கு 1 லட்சத்து 73 ஆயிரம். எங்கள் வண்டியும் வருடா வருடம் கொஞ்சம் விலை இறங்கும், புதிய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் அதிகம் ஆகும். அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி விட்டுவிடுகிறேன்.

வித்தியாசம் வருடத்துக்கு 34 ஆயிரம்தானா என்று கேட்பீர்கள். 34 ஆயிரம் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. ஆனால் அதற்காக மட்டும் நான் இந்தப் பக்கம் உட்காரவில்லை. பணம் எப்போது கேட்கப்படுகிறது என்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன்.

தக்காளி விலை விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். பறிக்கிற கூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவார்கள். லோடு இல்லை. பத்து நாள், பதினைந்து நாள் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். அந்த மாதமும் டியூ தேதி வரும். செக் திரும்பினால் அதற்கு அபராதம், தாமத வட்டி, அப்புறம் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்கள் தெருவில் அதற்கு முந்தைய வருடம்தான் புது வண்டி எடுத்த ஒரு தம்பி, வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த ஆறு மாதமும் எங்கள் வண்டியில் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருந்தது. குறைந்த லோடு, குறைந்த நடை, ஏற்றத்தில் பொறுமை என்று பார்த்து ஓட்டினோம். கையில் காசு வந்ததும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டையும் மாற்றினோம். பிரேக்கை அப்படி ஒருநாளும் தள்ளிப்போட மாட்டோம், ஆனால் கிளட்ச் பொறுத்தது. டியூ பொறுக்காது நடுவர் அவர்களே. பழுது எங்கள் கைநிலவரம் பார்த்து நேரம் தரும், கடன் தேதி பார்த்துத்தான் வரும்.

ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது, இதுதான் வாங்க நல்ல நேரம் என்றும் ஒரு அண்ணன் சொன்னார். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதே நாளில், 28 சதவீதத்தில் இருந்த உதிரி பாகங்களுக்கும் 18 ஆகிவிட்டதே, அதை ஏன் சொல்லாமல் விட்டார்?

வருடா வருடம் எப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்காக வண்டியைக் காட்டும் தொல்லை என்றார்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை என்பது சட்டம். வண்டிக்கு வயது ஏற ஏற கட்டணமும் ஏறுகிறது, 2022 ஏப்ரலிலேயே 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் பல மடங்கு உயர்த்தினார்கள். அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாக்கில்தான் வருடத்துக்கு ஒருமுறை டிங்கரிங் பார்க்கிறோம், துருப் பிடித்த இடத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி உடைந்த இலையை மாற்றுகிறோம். எங்கள் வண்டி இன்றும் நேராக நிற்பதற்கு எப்.சி.யும் ஒரு காரணம்.

பழைய வண்டி அதிகம் புகை விடும் என்று எதிரணி சொன்னது மட்டும் என்னை யோசிக்க வைத்தது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் வண்டிகள் எங்கள் வண்டியைவிடச் சுத்தமானவை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய வண்டி எங்கே போகிறது? பெரும்பாலும் உடைக்கப் போவதில்லை. கைமாறி வேறு ஊரில் செங்கலோ மணலோ ஏற்றிக்கொண்டு ஓடும். புகை குறையவில்லை, ஊர்தான் மாறியது. டீசல் தெளிக்கும் நாசிலைப் பார்த்து, ஏர் பில்டர் மாற்றி, தேய்ந்த ரிங்கைச் சரிசெய்த வண்டி நம் ஊரிலேயே குறைவாகப் புகை விடும்.

எல்லா வண்டியையும் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், விரிசல் விழுந்து வெல்டிங் மேல் வெல்டிங் அடித்த வண்டி, விபத்தில் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கும் வண்டி, உதிரி பாகமே வராமல் போன மாடல், இவற்றுக்கு மேல் பணம் போடக் கூடாது. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அவர் உயிரை வைத்து நான் 34 ஆயிரம் மிச்சம் பிடிக்க மாட்டேன். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் எப்.சி.க்கு முன்னால் வண்டியைக் குழிமேல் நிறுத்தி, டார்ச் அடித்து, பட்டை மாட்டும் இடங்களில் சேசிஸைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். போன தையில் நானே குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கிரீஸும் மண்ணும் இருந்தன. அதைத் துடைத்தால் இரும்பு முழுசாக இருந்தது.

அதைப் பார்த்த தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன். இந்த நோட்டை நடுவர் மேசையில் வைக்கிறேன். 41ஆம் பக்கத்தில் இரண்டு கலரிலும் பிரித்துக் கூட்டியிருக்கிறேன். கூட்டல் தப்பாக இருந்தால் எதிரணிக்கே தீர்ப்புக் கொடுங்கள். நோட்டு மட்டும் இன்று ராத்திரியே எனக்குத் திரும்ப வேண்டும். நாளைக்கு ஆயில் மாற்றுகிறோம், எழுதணும்.

நன்றி, வணக்கம்.