புகார் வந்த பொருளைக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டுமா?

[திரையில்: இணையக் கடை ஒன்றின் விற்பனைப் பக்கம். கிழிந்த வெள்ளை அங்கி, முகமூடி, போலி வெட்டுக்கத்தி.]

2013 செப்டம்பரில், ஹாலோவீன் கொண்டாட்டத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்த நிலையில், பிரிட்டனின் அஸ்டா பேரங்காடி தன் இணையக் கடையில் ஒரு மாறுவேட உடையை விற்பனைக்கு வைத்திருந்தது. இரத்தக்கறை போலச் சாயம் தெளித்த கிழிந்த அங்கி, பயமுறுத்தும் முகமூடி, கையில் பிடித்துக்கொள்ள ஒரு போலி வெட்டுக்கத்தி. விலை 20 பவுண்ட். பேய், சூனியக்காரி, இரத்தக்காட்டேரி என்று ஹாலோவீனுக்கு எத்தனையோ உடைகள் விற்கும் ஊரில் இது யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. ஆனால் இந்த உடையை 'மனநோயாளி' வேடம் என்று பெயரிட்டு விற்றார்கள். அதே நாட்களில் டெஸ்கோ என்ற மற்றொரு பேரங்காடியும் 'சைக்கோ வார்டு' என்ற பெயரில் ஆரஞ்சு நிற உடை ஒன்றை விற்றுவந்தது.

எதிர்ப்பு ட்விட்டரில் தொடங்கியது. மனநலச் சிகிச்சை பெற்றுவந்த பலர், தாங்கள் அன்றாடம் உடுத்தும் உடையிலேயே படம் எடுத்து, 'என் மனநோயாளி உடை இதுதான்' என்று பதிவிட்டார்கள். கோபமான நூறு கடிதங்களைவிட அந்தப் படங்கள் வலுவாகப் பேசின. இரண்டு நிறுவனங்களும் உடனே பொருளைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டன. அஸ்டா, 'மைண்ட்' என்ற மனநலத் தொண்டு அமைப்புக்கு 25,000 பவுண்ட் நன்கொடையும் அளித்தது.

இந்த நிகழ்வில் கடைகள் செய்தது சரி என்றே கருதுகிறேன். மனநோய் உள்ளவர் கத்தியோடு பாய்வார் என்பது உண்மைக்குப் புறம்பான சித்திரம். அவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பதை மனநலத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பொய்ச் சித்திரத்தால் வேலை கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, மருத்துவரிடம் போகாமல் நோயை முற்றவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அங்கே எழுந்த புகார், 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்ற அளவில் நிற்கவில்லை. இந்தப் பொருள் இன்னாரைப் பற்றி இன்ன பொய்யைப் பரப்புகிறது, அதனால் இன்ன கேடு விளைகிறது என்று, எவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வாதமாக அது இருந்தது. புகார் வந்தவுடன் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணத் தொடங்கும் நிறுவனம், அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கத் தவறிவிடுகிறது. இந்தக் காணொளியில் சொல்லவிருப்பவை அனைத்தும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைந்தவை.

ஒரு பொருளைத் திரும்பப் பெறச் சொன்னால், அது கருத்துச் சுதந்திரத்தைப் பறிப்பது என்ற எதிர்வாதம் உடனே எழும். அரசு ஒரு பொருளைத் தடைசெய்தால் அந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். கடையோ, எதைக் கொள்முதல் செய்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு பருவத்திலும் தானே தேர்ந்தெடுக்கிறது. அலமாரியில் இடம் கிடைக்காமல் போகும் பொருட்கள், இடம் கிடைப்பவற்றைவிடப் பல மடங்கு அதிகம். எந்தத் தயாரிப்பாளருக்கும் பிறருடைய அலமாரியில் உரிமை கிடையாது. கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம்கூட அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, கடைக்காரரை அல்ல.

ஆனால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. தெருமுனைக் கடை ஒரு பொருளை விற்க மறுத்தால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்ளலாம். வால்மார்ட், அமேசான், ஈபே ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் மறுத்தால், பெரும்பாலான மக்களின் கண்ணிலிருந்து அந்தப் பொருள் மறைந்தே போகும். 2015 ஜூனில் அதுதான் நடந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், ஜூன் 17 அன்று ஒரு தேவாலயத்தில் கறுப்பினத்தவர் 9 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொலையாளி, அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் போர்க்கொடியுடன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன. ஜூன் 22, 23 ஆகிய இரு நாட்களில் வால்மார்ட், அமேசான், ஈபே, சியர்ஸ் ஆகியவை அந்தக் கொடி பொறித்த பொருட்களை விற்பதில்லை என்று அறிவித்தன. எனக்கு அந்த முடிவில் மாறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கொடியின் பொருளைச் சார்ல்ஸ்டனுக்கு முன்பே கறுப்பின அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அத்தனை காலமும் அது விற்பனையில் இருந்தது. முன்பு படிக்காத புகாரை, 9 உயிர்கள் போனபின் நான்கு நிறுவனங்கள் இரண்டே நாளில் படித்துவிட்டன.

[திரையில்: ஒரே அச்சு வார்ப்பில் பல நாட்டுக் கொடிகள் மாறி மாறி வருகின்றன.]

அடுத்து, கொடிகளையே கால்மிதியில் அச்சிடும் விவகாரத்துக்கு வருவோம். 2017 ஜனவரியில், அமேசானின் கனடா தளத்தில் இந்திய தேசியக் கொடி அச்சிட்ட கால்மிதி விற்பனைக்கு இருப்பதை ஒருவர் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜின் கவனத்துக்கு ட்விட்டரில் கொண்டுசென்றார். நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுப் பொருளை அகற்றாவிட்டால் அமேசான் அதிகாரிகளுக்கு இந்திய விசா வழங்கப்படாது, வழங்கிய விசாக்களும் ரத்து செய்யப்படும் என்று அமைச்சர் பதிலளித்தார். பொருள் அகற்றப்பட்டது, அமேசானின் இந்தியப் பொறுப்பாளர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே, காந்தியின் உருவம் அச்சிட்ட ரப்பர் செருப்பு அதன் அமெரிக்கத் தளத்தில் தென்பட்டது. 2021 மார்ச்சில் இலங்கைக் கொடி பொறித்த கால்மிதிகளுக்குக் கொழும்பு தன் தூதரகங்கள் வழியே எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஆண்டு ஜூனில் கர்நாடகக் கொடியின் நிறங்கள் கொண்ட நீச்சல் உடை ஒன்றுக்காகப் பெங்களூரில் அமைச்சர் ஒருவர் கொதித்தெழுந்தார்.

லண்டனின் நினைவுப்பொருள் கடைகளில் பிரிட்டிஷ் கொடி அச்சிட்ட கால்மிதி சாதாரணமாகக் கிடைக்கும். அதை வாங்கிப்போகும் ஆங்கிலேயருக்கு அது நாட்டுப்பற்றாகவே தோன்றும். கால்பட்ட ஒரு நூலையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு, கொடி காலடியில் கிடப்பது வேறு அர்த்தம் தருகிறது. இந்தியாவுக்குள் அது 1971ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வரும், கனடாவில் வராது. இப்படிப்பட்ட புகாரில், கேட்டுக்கொண்டவர்களின் உணர்வை மதித்துப் பொருளை எடுப்பது மரியாதையான செயல்; எடுக்காவிட்டால் எவர் வாழ்வும் கெட்டுவிடாது என்பதும் உண்மை. விசாவைக் காட்டி மிரட்டுவது மட்டும் எனக்கு உடன்பாடானது அல்ல. ஒரு வாடிக்கையாளரின் புகாரை அரசின் ஆணையாக மாற்றிய கணத்தில், சற்றுமுன் ஒதுக்கிவைத்த கருத்துச் சுதந்திர வாதம் மீண்டும் உயிர்பெற்றுவிடுகிறது.

இவை எப்படி விற்பனைக்கு வருகின்றன என்பதை அறிந்துகொண்டால், கோபத்தில் பாதி திசைமாறும். அந்தக் கால்மிதிகளில் பலவற்றை யாரும் தைத்துக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கவில்லை. ஆர்டர் வந்தபின் அச்சிட்டு அனுப்பும் வெளி விற்பனையாளர்கள், உலக நாடுகளின் கொடிப் படங்களை மொத்தமாக ஏற்றி, ஒவ்வொன்றையும் கோப்பை, தலையணை உறை, கால்மிதி, கைபேசி உறை என்று எல்லா வடிவங்களிலும் பொருத்திப் பட்டியலிடுகிறார்கள். 2013 மார்ச்சில் இதன் மிகக் கொடிய வடிவம் வெளிப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 1939இல் அச்சிட்ட, 'பதறாமல் பணியைத் தொடருங்கள்' என்ற பொருள்படும் சுவரொட்டியின் வாசகத்தை வைத்து டீ-ஷர்ட் விற்ற சாலிட் கோல்ட் பாம் என்ற நிறுவனம், வினைச்சொற்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒரு கணினி நிரலிடம் ஒப்படைத்திருந்தது. விளைவாக, பெண்ணை அடிக்கவும் கத்தியால் குத்தவும், அதைவிடக் கொடியதைச் செய்யவும் சொல்லும் வாசகங்கள் அமேசானில் விற்பனைப் பட்டியலாக நின்றன. தங்கள் நிரல் உருவாக்கிய வாசகங்கள் இவை என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சில மாதங்களில் தொழிலையே மூடியது. அந்த வாசகங்களோடு ஒரு சட்டைகூட அச்சிடப்படாத நிலையிலேயே ஒரு வணிகம் அழிந்தது. இப்படிப்பட்ட பட்டியலை நீக்குவதில் விவாதிக்க எதுவுமே இல்லை. எந்த மனிதரும் சொல்ல நினைக்காத ஒன்றைக் காப்பாற்ற எந்தச் சுதந்திரமும் தேவையில்லை.

நோக்கம் கெட்டதாக இல்லாதபோதும் பொருள் கெட்டதாகலாம் என்பதற்கு ஸாரா என்ற ஆடை நிறுவனம் 2014 ஆகஸ்டில் விற்ற குழந்தைச் சட்டை போதும். குறுக்குக் கோடுகள், மார்பில் மஞ்சள் நட்சத்திரம். கௌபாய் படங்களில் வரும் ஷெரீஃபின் நட்சத்திரம் அது என்றது நிறுவனம். உற்றுப் பார்த்தால் அந்தச் சொல் நட்சத்திரத்தின் மேல் இருந்தது. ஆனால் பார்த்தவர்களின் நினைவுக்கு வந்தது, நாஜி வதைமுகாம்களின் கோடிட்ட உடையும் யூதர்கள்மீது திணிக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரமும்தான். ஸாரா அதைத் திரும்பப் பெற்றது. ஐரோப்பாவிலேயே தலைமையகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், அந்த வடிவம் கடைக்கு வரும்வரை யாருக்கும் உறைக்கவில்லை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் சிக்கலான நிகழ்வு.

[திரையில்: வானவில் நிறத் துணிகள் அடுக்கிய அலமாரி, அருகில் சிவப்புச் சட்டை அணிந்த ஓர் ஊழியர்.]

அமெரிக்காவில் ஏறக்குறைய 2,000 கடைகள் கொண்ட டார்கெட், பால்புதுமையினரை (எல்ஜிபிடி) கொண்டாடும் ஜூன் மாதத்துக்கான பொருட்களைப் பத்தாண்டுக்கும் மேலாக விற்றுவந்தது. 2023 மே மாதத்தில் அவற்றுக்கு எதிராகப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. திருநங்கையருக்காக வடிவமைத்த ஒரு நீச்சல் உடை குழந்தைகளுக்கு விற்கப்படுகிறது என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அந்த உடை பெரியவர்களுக்கான அளவுகளில் மட்டுமே வந்தது. டார்கெட்டுக்கும் பொருட்கள் வடிவமைத்த ஒருவர் வேறிடத்தில் விற்ற, சாத்தான் உருவம் கொண்ட பொருட்களும் டார்கெட்டின் கணக்கில் எழுதப்பட்டன. கடைகளில் விளம்பர அமைப்புகள் தள்ளிவிடப்பட்டன, ஊழியர்கள் மிரட்டப்பட்டார்கள். ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மே 24 அன்று சில பொருட்களை அகற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. அதன்பின், அகற்றியதற்காகவும் மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அந்தக் காலாண்டில் டார்கெட்டின் ஒப்பீட்டு விற்பனை (ஏற்கெனவே இயங்கிவரும் கடைகளிலும் இணையத்திலும், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்ட விற்பனை) 5.4 சதவீதம் சரிந்தது. அதற்கு நிறுவனம் சொன்ன பல காரணங்களுள் இந்த எதிர்ப்பும் ஒன்று.

அஸ்டாவின் நிகழ்வையும் இதையும் 'புகார் வந்தது, பொருள் போனது' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் முதலாவதில் இழிவுபடுத்தப்பட்டவர்கள் தங்கள் முகத்தைக் காட்டி உண்மையைச் சொன்னார்கள். இரண்டாவதில் புகாரின் மையமே பொய்யாக இருந்தது, அதன் கையில் மிரட்டல் இருந்தது. சரக்கைத் தேர்ந்தெடுத்தவர் மினியாபொலிஸ் தலைமையகத்தில் இருக்கிறார். வசவு வாங்குபவரோ, அதில் எந்தப் பங்கும் இல்லாமல் பில் போடுகிற இளைஞர். அவரைக் காக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதால், டார்கெட்டை நான் எளிதாகக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் காவலாளியை நிறுத்தியிருக்கலாம், அந்த நீச்சல் உடையின் அளவுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் வெளியிட்டிருக்கலாம். மிரட்டலுக்குப் பொருளை எடுத்துக்கொடுத்தால், அடுத்த ஆண்டு எதை மிரட்டலாம் என்று பட்டியல் போட ஆள் வரும். 2024இல் அதே தொகுப்பைத் தேர்ந்தெடுத்த கடைகளில் மட்டும் வைப்பதாக டார்கெட் அறிவித்தது. முந்தைய விற்பனையை வைத்துக் கடைகளைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னது.

புகார் வந்தவுடன் ஒரு பொருளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதில் தவறில்லை. பிறகு, அது யாரைப் பற்றி என்ன சொல்கிறது, சொல்லப்படும் குற்றச்சாட்டு உண்மையா என்று பார்த்து, எடுத்தாலும் விட்டாலும் காரணத்தைப் பொதுவில் எழுதிவைக்க வேண்டும். எடுத்தது தவறு என்று தெரிந்தால் திரும்ப வைக்கவும் வேண்டும். இதுதான் பலருக்குக் கைவராத பகுதி. 2015இல், தென் மாநிலங்களின் போர்க்கொடி பொறித்த பொருட்கள் அகற்றப்பட்ட அதே வாரத்தில், ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரிலிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய விளையாட்டுகளையும் நீக்கியது. கெட்டிஸ்பர்க் போரைச் சித்தரிக்கும் ஓர் உத்தி விளையாட்டும் அதில் போனது. அந்தப் போரில் அந்தக் கொடி பறக்கத்தான் செய்தது என்று கூறி, அதை உருவாக்கியவர்கள் கொடியை மாற்ற மறுத்துவிட்டார்கள். சில நாட்களில் ஆப்பிள் அந்த விளையாட்டை, கொடியுடனேயே, மீண்டும் விற்பனைக்கு வைத்தது.