கான் வெட்டும்போது வெளிவரும் அந்தப் "பாம்பு", பாம்பே இல்லை!

[காட்சி: மழைவிட்ட தேயிலை மலை. கான் ஓரத்து ஈரமண்.]

கான் என்ற தேயிலை மலை வடிகாலை வெட்டும்போதோ, தண்ணீர் விழும் பீலிக்கரையில் மண்ணைக் கிளறும்போதோ கருமையான உடம்பும் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடுமாக ஒன்று வழவழவென்று நெளிந்து வரும். யாராவது "பாம்பு!" என்று கத்துவார்கள். உடனே மண்வெட்டி விழும். அப்படிச் செத்துப்போகிறது சிசிலியன் என்ற, தவளைக்கு உறவான ஓர் உயிர். விஷப்பல்லும் அதற்குக் கிடையாது.

நீரிலும் நிலத்திலும் வாழும் ஈரூடகவாழிகளில் இன்று மூன்று கூட்டங்கள் இருக்கின்றன: தவளை தேரைகள், வாலும் காலும் உள்ள சலமந்தர்கள், காலே இல்லாத சிசிலியன்கள். இலங்கையில் சலமந்தர் இல்லை. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் மலைகளுக்குப் போக வேண்டும். ஆனால் சிசிலியன் நம்மிடம் மூன்று இனம் உண்டு. மூன்றும் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. மஞ்சள் கோடு உள்ள ஒன்றின் பெயர் இக்தியோஃபிஸ் குளூட்டினோசஸ். 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பதிவு செய்த இனம் இது.

[காட்சி: வரைபடம். மண்ணுக்குள் ஒரு வளை; முட்டைக் கொத்தைச் சுற்றித் தாய்.]

1880களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பவுல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரு உறவினர்கள் பேராதனையில் தங்கி இதன் வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. தாய் ஓடைக்குப் பக்கத்தில் ஈரமண்ணுக்குள் வளை தோண்டி, அங்கேதான் முட்டையிடுகிறது. பிறகு அந்த முட்டைக் கொத்தைத் தன் உடம்பால் சுற்றிக்கொண்டு, குஞ்சு வரும்வரை காவல் கிடக்கிறது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முட்டைகள் நாளுக்கு நாள் பருக்கின்றன.

அந்த முட்டைக்குள் பார்த்தால் சலமந்தரின் உறவு தெரியும். சலமந்தர் குஞ்சுக்குத் தலையின் இரு பக்கமும் இறகு போன்ற மூன்று சோடிச் செவுள்கள் வெளியே நிற்கும். நம் சிசிலியனின் கருவுக்கும் அதே மூன்று சோடி உண்டு. ஆனால் முட்டையை விட்டு வரும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. பக்கத்துக்கு ஒரு செவுள் துளைதான் மிஞ்சும்.

வெளியே வந்த குஞ்சு ஓடைக்குப் போய்விடும். வாலில் சின்னத் துடுப்பு இருக்கும். பகலில் கல்லடியிலும் சேற்றிலும் பதுங்கி, இரவில் இரை தேடும். மாதக்கணக்கில் இதுதான் வாழ்க்கை. பிறகு செவுள் துளை மூடுகிறது, துடுப்பு மறைகிறது, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்ன உணர்கொம்பு முளைக்கிறது. அதன் பின் அது மண்ணுக்குள் வாழும் பிராணி. அங்கே கண்ணால் பெரிய பயனில்லை. மண்புழுவையும் கறையானையும் அந்தக் கொம்பால் மோப்பம் பிடித்துத் தேடும்.

நம் மலைகளில் உள்ள புதர்த்தவளைகளுக்கு இந்த ஓடைப் பருவமே கிடையாது. வாற்பேத்தை ஆகாமல், முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும். சிசிலியனுக்கு அப்படி முடியாது. மிருதுவான மண்ணும் வேண்டும், அதை ஒட்டித் தண்ணீரும் வேண்டும். கரையை இறுக்கி கொங்கிரீட் போட்டால் முட்டையிட இடமில்லை. ஓடையில் களைநாசினி கலந்தால் குஞ்சு வளர இடமில்லை.

[காட்சி: அருகில். பாம்பின் தோல், சிசிலியனின் தோல், பக்கம் பக்கமாக.]

இனி அடையாளம். பாம்புக்கு உடம்பெல்லாம் செதில் தெரியும். பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். சிசிலியன் நாக்கை அப்படி நீட்டாது. அதன் உடம்பைச் சுற்றி நெருக்கமாக வளையங்கள் இருக்கும், தோல் சளிபோல் வழுக்கும். சந்தேகமாக இருந்தால் கிட்டப் போகாமல் விலகி நில்லுங்கள், அது தானாகவே மண்ணுக்குள் போய்விடும். சிசிலியன்தான் என்று உறுதியாகத் தெரிந்து, அது வெயிலில் கிடந்தால், மண்வெட்டியால் ஈரமண்ணோடு அள்ளி நிழலான கான் ஓரத்தில் விடுங்கள். தோல் காய்ந்தால் செத்துவிடும். அது மூச்சு விடுவதில் ஒரு பங்கு அந்த ஈரத்தோலால்தான்.