வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும் பட்டாணிக் கீரை!

வணக்கம் மக்களே! மெரினாவில் தேங்காய், மாங்காய் போட்டுச் சுண்டல் தருவார்களே, அந்த வெள்ளைப் பட்டாணியில் ஒரு கைப்பிடி எடுத்து விதைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் கீரை அறுக்கலாம். தட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்னொரு தடவையும் அறுக்கலாம். கடுகு, முள்ளங்கி மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளிலேயே அறுக்கும் குட்டிக் கீரை) எதிலும் இது நடக்காது. பட்டாணியில் மட்டும் எப்படி?

வளர்ப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பட்டாணியை இரவு ஊறவையுங்கள். அடியில் துளை உள்ள தட்டில் தேங்காய்நார்த் தூளைப் பரப்பி, பட்டாணியை நெருக்கமாகக் கொட்டி, இரண்டு மூன்று நாள் மூடிவையுங்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு மாற்றி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். உடைத்த பட்டாணியும் ஃபிரிட்ஜில் உறைந்த பட்டாணியும் முளைக்காது.

[காட்சி: மண்ணைக் கிளறி ஒரு நாற்றை வேரோடு எடுத்துக் காட்டுதல்]

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாசிப்பயறு முளைக்கும்போது பருப்பு இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். தண்டை வெட்டினால் பருப்பும் போச்சு, மொட்டும் போச்சு. பட்டாணி அப்படியில்லை. இதோ பாருங்கள், பருப்பு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தளிர் மட்டும்தான் மேலே வந்திருக்கிறது. தண்டின் அடியில் செதில் மாதிரி ஒரு குட்டி இலை தெரிகிறதா? அந்தக் கணுவில் ஒரு மொட்டு தூங்குகிறது. நுனி இருக்கும்வரை அது எழாது. நுனியை வெட்டினால் எழுந்துவிடும், முருங்கைக் கிளையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கிற மாதிரி. மிச்சமிருக்கும் பருப்பும் அதற்குச் சோறு போடும். எனக்கு இதைவிட அழகான விஷயம் தோட்டத்தில் வேறு எதுவும் இல்லை!

அதனால் தரையோடு ஒட்ட அறுக்காதீர்கள். அந்தக் கணுவுக்கு மேலே கத்தரி வையுங்கள். இரண்டாவது அறுவடை கொஞ்சம் மெலிந்துதான் வரும். வந்தவரை லாபம்.

சத்து? மைக்ரோகிரீன்ஸில் முதிர்ந்த செடியைவிட நாற்பது மடங்கு வைட்டமின் என்று சுற்றுகிற கணக்கு பட்டாணிக்குச் சொன்னதே இல்லை, அது சிவப்பு முட்டைக்கோஸ் நாற்றின் வைட்டமின் ஈ பற்றியது. 2012-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து 25 வகை மைக்ரோகிரீன்ஸை ஆராய்ந்தபோது, இருட்டில் வளர்த்த மஞ்சள் பட்டாணித் தளிரில் வைட்டமின்கள் குறைவாகவும், வெளிச்சத்தில் வளர்ந்த பச்சைத் தளிரில் கூடுதலாகவும் இருந்தன. வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், இதில் வைட்டமின் கே உண்டு.

ருசி? பச்சைப் பட்டாணியை உரித்து வாயில் போட்டால் வருமே, அதே இனிப்பு. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சீனச் சாப்பாட்டுக் கடையில் பூண்டு போட்டு வதக்கித் தரும் 'டோ மியாவ்' இதுதான். நம் வீட்டில் தயிர்ப் பச்சடியில் பச்சையாகவே நறுக்கிப் போடலாம்.

இரண்டு எச்சரிக்கை. விதைக் கடையில் மருந்து தடவி விற்கும் விதை வேண்டவே வேண்டாம். காய்ந்த பச்சைப் பட்டாணி வாங்கி, ஊறவைத்த தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் அந்தப் பட்டாணிக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம், கொட்டிவிடுங்கள்.

பட்டாணிக்குக் குளிர் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் எப்போதும் போடலாம். சமவெளியில் மார்கழி, தைதான் சரி, சித்திரை வெயிலில் முளைக்கும் முன்பே அழுகும். உங்கள் ஊரில் எந்த மாதம் நன்றாக வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்!